தட்டில் ஜெயித்த இலையும், அப்பா பாதியில் விட்ட மாத்திரையும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் கோவைக்குப் போய்வந்து முதுநிலைத் தாவரவியல் படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயர், ஊர், இலையின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பா லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றிக்கொண்டு விசாகப்பட்டினம், அங்கிருந்து ஒடிசா என்று போய்வருபவர். அப்படி ஒரு நடை போய் வந்தபின் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் கண்டது. அம்மாவின் அப்பா, அதாவது அப்புச்சி, ஊரில் நாட்டு வைத்தியம் பார்ப்பவர். ஒரு மரத்தின் கொழுந்து இலையை இடித்துச் சாறெடுத்து மிளகு தட்டிப்போட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ரத்தம் யாரும் பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் அதே நடுக்கம். இந்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். விவாக்ஸ் மலேரியா என்று வந்தது. மூன்று நாள் மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டவர், கூடவே கொடுத்த 14 நாள் மாத்திரையை வயிறு எரிகிறது என்று ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டார். இப்போது காய்ச்சல் இல்லை.

இதற்கிடையில் மகள் அதே இலையைக் காயவைத்து மெத்தனாலில் சாரம் எடுத்து, தெரிந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் மலேரியாக் கிருமி மேல் சோதிக்கக் கொடுத்திருக்கிறார். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற அளவில் கிருமியின் வளர்ச்சி 78 சதவீதம் தடைபட்டது, பாதியாகக் குறைய 42 மைக்ரோகிராம் போதும் என்று முடிவு வந்திருக்கிறது. அவர் கேட்பவை இவை: மிச்ச மாத்திரைக்குப் பதில் அப்பாவுக்கு இலைச்சாறே கொடுக்கலாமா? செங்கல் சூளையில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள் காய்ச்சலோடு வந்தால் அப்புச்சி சாறு கொடுக்க, தான் பக்கத்திலிருந்து குறிப்பெடுத்து ஆய்வாக்கலாமா? வழிகாட்டிப் பேராசிரியர் உடனே கட்டுரை போடச் சொல்கிறார், ஒரு மூலிகைக் கம்பெனிக்காரர் செடியின் பெயரைக் கேட்கிறார், என்ன செய்வது? கடைசியில் ஒரு ஆதங்கமும் இருக்கிறது: “சிங்கோனாவும் மரம்தானே டாக்டர், எங்கள் இலை என்றால் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள்?”

நான் சிரிக்கவில்லை, அம்மணி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாத்தாவின் கைமருந்தை ஆய்வுக்கூடம் வரை கொண்டுபோக எத்தனை பேருக்குத் தோன்றும்? அதனாலேயே ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதுகிறேன்.

முதலில் அப்பா

இலையைப் பற்றி நிறையப் பேச வேண்டும். ஆனால் எனக்குப் பதற்றம் தந்தது, ஒன்பது நாள் மாத்திரை அலமாரியில் அப்படியே இருக்கிறது என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான்.

இலைச்சாறு ஒன்றரை மாதம் நோயைத் தள்ளி வைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். விவாக்ஸின் இயல்பே அப்படித்தான். கொசுக்கடியில் உள்ளே வரும் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பகுதி பெருகி ரத்தத்துக்கு வந்து, சிவப்பணுக்களுக்குள் புகுந்து வளர்ந்து, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. குளிரும் நடுக்கமும் வருவது அந்த நேரத்தில். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துக் காய்கிறது. இன்னொரு பகுதி கல்லீரல் செல்லுக்குள்ளேயே உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து வரும். தோட்டத்துக் கோரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே எத்தனை முறை செதுக்கினாலும் கிழங்கு மண்ணில் இருக்கும்வரை அடுத்த மழைக்கு முளைத்துவிடும்.

அப்பாவுக்கு வந்த முதல் காய்ச்சல் தானே இறங்கியதா, சாறு இறக்கியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் பார்க்காமல் விட்டதால் அந்தச் சாட்சி போய்விட்டது. ஆனால் இரண்டாம் காய்ச்சல் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: கல்லீரலில் இருந்ததைச் சாறு தொடவில்லை.

சுகாதார நிலையத்தில் கொடுத்த இரண்டு மாத்திரைக்கும் வேலை வேறு வேறு. மூன்று நாள் கொடுக்கும் குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதை அழிக்கிறது. 14 நாள் கொடுக்கும் பிரைமாகுயின் கல்லீரலில் உறங்குவதை அழிக்கிறது. நீங்கள் உயர்வாகச் சொல்லும் சிங்கோனாவிலிருந்து வந்த குயினைனாலும், ஆர்ட்டெமிசியாச் செடியிலிருந்து வந்து இன்று உலகமே நம்பும் ஆர்ட்டெமிசினினாலும்கூட அந்த உறங்கும் கிருமியை ஒன்றும் செய்ய முடியாது. அதை அழிப்பவை பிரைமாகுயினும் அதே குடும்பத்து டஃபெனோகுயினும்தான். செடியிலிருந்து வந்தவற்றிலேயே மிகப் பெரிய இரண்டு மருந்துகளால் முடியாத வேலையை, உங்கள் இலை செய்யும் என்று நம்பி அப்பாவின் உடம்பைப் பணயம் வைக்காதீர்கள்.

மிச்சமிருக்கும் ஒன்பது மாத்திரையை இன்று ராத்திரியே தொடங்கிவிடவும் வேண்டாம். அதே சுகாதார நிலையத்துக்கு அப்பாவை அழைத்துப் போய், ஐந்தாம் நாள் நிறுத்தியதை அப்படியே சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். இது தினமும் நடப்பதுதான். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் குறை உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறை இல்லையென்றால் பெரும்பாலும் முதலிலிருந்து முழுச் சுற்றாகக் கொடுப்பார்கள்.

வயிற்று எரிச்சல் பெரும்பாலும் வெறும் வயிற்றில் விழுங்குவதால் வருவது. லாரிக்காரர் விடியற்காலையில் ஒரு டீயோடு மாத்திரையைப் போட்டிருப்பார். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, மேல்மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த 14 நாளும் இலைச்சாறு எதுவும் வேண்டாம். ஏதாவது ஏடாகூடமானால் காரணம் மாத்திரையா சாறா என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

இன்னொரு விஷயம். கேரளத்தில் இப்போது காணும் மலேரியாவில் பெரும்பகுதி வெளியூர் போய் வந்தவர்களோடு வருவது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய அனாபிலிஸ் கொசு நம் ஊரிலேயே இருக்கிறது. அப்பாவின் கல்லீரலில் உறங்குவது எழுந்து ரத்தத்துக்கு வந்தால், அவரைக் கடிக்கும் கொசு வழியாக அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் போகலாம். சுகாதார ஆய்வாளர் வீடு தேடி வந்து விசாரித்தார் என்று சலித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்களே, அவர் வந்தது இதற்காகத்தான்.

அந்த 78 சதவீதம்

சரி, இலைக்கு வருவோம். உங்கள் முடிவில் மகிழ்ச்சி அடைய இடமிருக்கிறது. ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு மகிழ்வது நல்லது.

கிருமியை வளர்த்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடத் தட்டில் இருந்தது உங்கள் அப்பாவுக்கு வந்த கிருமி அல்ல. ஆய்வறிக்கையில் 3டி7 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஃபால்சிபேரம் என்ற இன்னொரு மலேரியாக் கிருமி இனத்தின் ஒரு வகை. 1976இல் டிரேகர், ஜென்சன் என்ற ஆய்வாளர்கள் ஃபால்சிபேரத்தை மனித ரத்தத்தில் தொடர்ந்து வளர்க்க வழி கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு நடக்கும் சோதனைகளெல்லாம் அதன் மேல் நிற்பவைதான். விவாக்ஸை அப்படித் தொடர்ந்து வளர்க்க முடிவதில்லை. அது இளம் சிவப்பணுக்களுக்குள்தான் புகும், அவை ரத்தத்தில் கொஞ்சமே உண்டு. சுகாதார நிலையத்து லேப் டெக்னீஷியனிடம் கேட்டால் ஸ்லைடைக் காட்டுவார். விவாக்ஸ் புகுந்த அணு பக்கத்து அணுக்களைவிடப் பெரிதாக உப்பி, உள்ளே பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் புள்ளி தூவியதுபோல் இருக்கும். ஃபால்சிபேரம் புகுந்த அணு உப்பாது, உள்ளே மெல்லிய மோதிரம் மட்டும் தெரியும், சில அணுக்களில் இரண்டு மோதிரம். ஒருமுறை பார்த்துவிட்டால் இரண்டையும் ஒன்றாக நினைக்கவே தோன்றாது.

தட்டில் இருந்தது அப்புச்சியின் மருந்தும் அல்ல. இதுதான் உங்கள் கண்ணில் படாமல் போனது என்று நினைக்கிறேன். அப்புச்சி பச்சைக் கொழுந்தை இடித்து, தண்ணீர் தெளித்துப் பிழிந்து, மிளகு சேர்க்கிறார். நீங்கள் காய்ந்த இலையை மெத்தனாலில் ஊறவைத்தீர்கள். தண்ணீரில் கரைபவை வேறு, மெத்தனாலில் கரைபவை வேறு. மெத்தனால் சாரம் வேலை செய்தது என்பதால் அப்புச்சியின் சாறு வேலை செய்யும் என்று ஆகாது. மெத்தனால் சாரம் தோற்றிருந்தாலும் அவர் சாறு தோற்றதாக ஆகியிருக்காது. அவர் செய்வது எப்படியோ அப்படியே அவரைக்கொண்டே ஒருமுறை செய்யவைத்து, அந்தச் சாற்றை உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கி, அதையும் சோதிக்க வேண்டும். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

அடுத்து அளவு. ஆய்வாளர்கள் கச்சாச் சாரத்துக்குப் பெரும்பாலும் கையாளும் அளவுகோலில், கிருமியைப் பாதியாக்க 5 மைக்ரோகிராமுக்குக் கீழ் போதும் என்றால் நல்ல வீரியம், 15 வரை நம்பிக்கை தருவது, 50 வரை மிதமானது. அதற்கு மேல் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. உங்கள் 42, மிதமானதில் கடைசி வரிசை. இதே 3டி7 கிருமிக்கு எதிராகக் குளோரோகுயினுக்குச் சில நானோகிராம், அதாவது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் சில பங்கு, போதும். நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த சாரத்தைச் சுத்தமான மருந்தோடு ஒப்பிடுவது முழு நியாயம் அல்லதான். அதனால் வேறு விதமாகக் கணக்குப் போடுங்கள். 42 மைக்ரோகிராம் என்றால் லிட்டருக்கு 42 மில்லிகிராம். ஐந்து லிட்டர் ரத்தத்தில் அந்த அளவு நிற்க 210 மில்லிகிராம் சாரம் குடலிலிருந்து முழுதாக ரத்தத்தில் ஏறி, கல்லீரல் சிதைக்காமல், சிறுநீரில் போகாமல், திசுக்களுக்குள் பரவாமல் அப்படியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் பாதிக் கிருமியைத் தடுக்க மட்டும். எந்த மருந்தும் உடம்பில் அப்படி நிற்பதில்லை.

வேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கெடுனின் என்ற பொருள் தட்டில் மலேரியாக் கிருமியை நன்றாகவே தடுத்தது. எலிகளுக்குக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இப்படித் தட்டில் ஜெயித்து உடம்பில் தோற்ற இலைகள் ஏராளம்.

தட்டிலேயே ஏமாறவும் வழி உண்டு. உங்கள் முடிவைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய சந்தேகங்களைச் சொல்கிறேன், உங்கள் ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள். இலையில் சோப்புபோல் நுரைக்கும் சப்போனின் இருந்தால் அது சிவப்பணுவையே உடைத்துவிடும். குடியிருக்கும் அணு உடைந்தால் கிருமியும் சாகும். அதை மலேரியா மருந்து என்று சொல்ல முடியாது. கிருமி இல்லாத சிவப்பணுவில் அதே அளவு சாரத்தைப் போட்டு அணு உடைகிறதா என்று பார்த்தார்களா? அடுத்தது, வளர்ச்சியை ஒளிரும் சாயத்தை வைத்து அளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பச்சையம் நிறைந்த சாரம் அந்த ஒளியையே மங்கவைக்கும். ஒளி குறைந்தால் இயந்திரம் கிருமி குறைந்துவிட்டது என்று சொல்லும். தட்டில் உள்ள அதே குழிகளிலிருந்து (கிணறு என்பார்கள்) ஸ்லைடு தேய்த்து, சாயம் போட்டு, கண்ணால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். சாரத்தைக் கரைத்த கரைப்பான் மட்டும் உள்ள கிணறும், குளோரோகுயின் உள்ள கிணறும் பக்கத்தில் இருந்தனவா? வெவ்வேறு நாளில் திரும்பச் செய்தார்களா?

இதெல்லாம் தேறினால் மனித செல்களுக்கும் குரங்குச் சிறுநீரகச் செல்களுக்கும் அந்தச் சாரம் எவ்வளவு நஞ்சு என்று பார்க்க வேண்டும். கிருமியைக் கொல்லும் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு கொடுத்தால்தான் நம் செல் சாகிறது என்றால், மேலே போகலாம். குளோரோகுயினுக்கு மசியாத கிருமி வகை ஒன்றின் மேலும் சோதிக்க வேண்டும். அப்புறம் சாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எதில் வேலை இருக்கிறது என்று தேடலாம். எலிகளுக்குப் பெர்கெய் என்ற எலி மலேரியாவைக் கொடுத்து நான்கு நாள் மருந்து கொடுத்துப் பார்க்கும் பீட்டர்ஸ் சோதனை அதற்கும் பிறகுதான். அதற்கு உங்கள் நிறுவனத்து விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

தாவரவியல் படிக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பூவோ காயோ உள்ள கிளையை அழுத்திக் காயவைத்துக் கொண்டுபோய் இனத்தை உறுதி செய்து, மாதிரியைப் பதிவு எண்ணோடு வைத்துவிடுங்கள். எந்த மாதம், எந்த மேட்டில் பறித்தது, நிழலிலா வெயிலிலா காய்ந்தது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் நம்பினால் அது எங்கெங்கோ கொண்டுபோய்விடும்.

சிங்கோனாவும் மரம்தானே என்ற கேள்விக்கு

ஆமாம், மரம்தான். உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில், நீலகிரி நடுவட்டத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் சிங்கோனா வளர்த்துக் குயினைன் காய்ச்சினார்கள். ஆனால் பட்டையைப் பொடித்துக் குடித்த காலத்தில் ஒருவருக்குக் கேட்டது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஒரு பட்டையில் மருந்து நிறைய, இன்னொன்றில் கொஞ்சம். 1820இல் பெல்லத்தியே, கவெந்து என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் குயினைனைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த பிறகுதான் இத்தனை எடையுள்ள ஆளுக்கு இத்தனை என்று எடைபோட்டுக் கொடுக்க முடிந்தது.

ஆர்ட்டெமிசினினைக் கண்டுபிடித்த சீனத்து தூ யூயூவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு இடத்தை மட்டும் கவனியுங்கள். அவர் குழு பழைய வைத்தியக் குறிப்புகளைத் தேடித் தேடிச் செடிகளைச் சோதித்தபோது, ஆர்ட்டெமிசியாச் செடி ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை கைவிட்டது. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பில் ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் ஈத்தரைக்கொண்டு சாரம் எடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் மாதிரி எலி மலேரியாவை முழுதாக அடக்கியது. மறு ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் முதலில் தாங்களே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2015இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. பாட்டன் சொன்னதை அவர் அப்படியே ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. எப்படிச் செய்யச் சொன்னார்கள் என்று எழுத்தெழுத்தாகப் படித்தார். நீங்கள் அப்புச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியதும் அதுதான்.

அப்படிக் கிடைத்த செடியைக்கூட டீயாகவோ பொடியாகவோ மலேரியாவுக்குக் குடிக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலையில் உள்ள அளவு கூடும் குறையும். குறைந்த அளவில் பாதிக் கிருமி தப்பினால் மருந்துக்கே பழகிப்போன கிருமி உருவாகும்.

நம் நாட்டிலும் முயற்சி நடக்காமல் இல்லை. ஏழிலைப்பாலைப் பட்டை, கழற்சி விதை முதலியவை சேர்த்து மத்திய ஆயுர்வேத ஆய்வுக் குழு ஆயுஷ்-64 என்று ஒரு மருந்து செய்தது. விவாக்ஸ் நோயாளிகளிடம் அதையும் குளோரோகுயினையும் ஒப்பிட்ட ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. 28ஆம் நாள் குளோரோகுயின் சாப்பிட்ட எல்லோருக்கும் குணம், ஆயுஷ்-64 சாப்பிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத்தான். பாதிப்பேருக்குக் கேட்டிருக்கிறது என்பதில் ஆய்வாளருக்குச் சேதி உண்டு. நோயாளிக்கு அது போதாது. உங்கள் அப்பா அந்த மற்றப் பாதியில் இருந்தால்?

சூளைத் தொழிலாளர்கள்

இதற்கு என் பதில் ஒரே வார்த்தை: கூடாது.

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஃபால்சிபேரம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது காத்திருக்காது. காலையில் காய்ச்சல் என்று நடந்து வந்தவர் மறுநாள் நினைவில்லாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மூளை, சிறுநீரகம் என்று பிடித்துவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். நிரூபிக்கப்பட்ட மருந்து இலவசமாகக் கிடைக்கும்போது, அதைத் தள்ளிவைத்து நிரூபிக்காத சாற்றைக் கொடுத்து “என்ன ஆகிறது” என்று குறிப்பெடுப்பதை ஆய்வு என்று யாரும் ஏற்க மாட்டார்கள். மனிதர் மேல் நடத்தும் மருந்தாய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், முன்பதிவு, அவரவர் மொழியில் விளக்கி வாங்கும் சம்மதம், கெடுதல் நேர்ந்தால் இழப்பீடு எல்லாம் வேண்டும். மொழி தெரியாத ஊரில், மேஸ்திரிக்குப் பயந்து, ஒருநாள் கூலி போகுமே என்று நிற்பவர் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது.

அப்புச்சிக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. பதிவு இல்லாத பரம்பரை வைத்தியர்கள் சிகிச்சைத் தொழில் நடத்த முடியாது என்று கேரள வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு தொழிலாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வயதில் அவர் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டிவரும்.

ஆனால் அவரை ஓரமாக உட்கார வைக்கச் சொல்லவில்லை. ஊரில் காய்ச்சல் கண்டவர் முதலில் தேடி வருவது அவர் திண்ணைக்குத்தான். “அப்புச்சி, வெளியூர் போய்வந்து குளிர்காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ஆஷா பணியாளரிடம் விரலில் குத்திப் பார்க்கும் கிட் இருக்கும். கால்மணி நேரத்தில் முடிவு தெரியும். அவர் பேச்சைக் கேட்டுத் தொழிலாளர்கள் போவார்கள், எங்கள் நோட்டீஸைப் பார்த்துப் போவதைவிட அதிகமாகவே போவார்கள். பேரன் பேத்தி கேட்டால் பெரியவர்கள் தட்ட மாட்டார்கள். உங்கள் மருந்து பொய் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

கட்டுரையும் கம்பெனியும்

கம்பெனிக்காரரிடம் செடியின் பெயரைச் சொல்ல வேண்டாம். எழுத்தில் ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் ஒரு இலையைக்கூடக் கொடுக்காதீர்கள். காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டிவிடும். சாற்றைப் பாட்டிலில் அடைத்து விற்க உற்பத்தி உரிமம் வேறு வேண்டும். அவர் இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

அப்புச்சியின் சாற்றை அப்படியே காப்புரிமை செய்துகொள்ளலாம் என்று உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பரம்பரையாக வழங்கும் அறிவை அப்படியே யாரும் காப்புரிமை செய்துகொள்ள முடியாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு அதைத் தடுக்கிறது. அப்புச்சியின் சாற்றை வேறொருவர் பதிந்துகொள்வார் என்ற பயத்துக்கு அது ஓரளவு மருந்து, ஆனால் நீங்களும் அப்படியே பதிய முடியாது. இலையிலிருந்து புதிதாக ஒரு பொருளைப் பிரித்தாலோ, புதிய செய்முறை கண்டாலோ வழி உண்டு. அப்போது சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில், காப்புரிமை கிடைப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். இலை வனத்துறை நிலத்திலிருந்து வருகிறது என்றால் பறிக்கவே அனுமதி வேண்டும். வாளையார்க் காட்டுக்குள் போய்ப் பறித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கேரளத்திலேயே நடந்த நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. அகத்தியமலையில் வாழும் காணிக்காரர் என்ற பழங்குடியினர் களைப்புத் தெரியாமலிருக்க ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைத் தின்பதை, அவர்களோடு மலையேறிய விஞ்ஞானிகள் 1987இல் கவனித்தார்கள். பாலோட்டுத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தபோது, கிடைத்த கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென்று ஒரு அறக்கட்டளை பதிவானது. அதிலும் பின்னால் சிக்கல்கள் வந்தன. ஆனாலும் அறிவைத் தந்தவருக்குப் பங்கு என்பதை எழுத்தில் கொண்டுவர முடியும் என்று அது காட்டியது. பாலோட்டு நிறுவனத்தாருக்கே கூட்டாய்வு கேட்டுக் கடிதம் எழுதிப் பார்க்கலாம், அவர்களுக்கு இதில் பழக்கம் உண்டு.

உங்கள் பேராசிரியரின் அவசரம் புரிகிறது. ஆனால் கட்டுரை வெளியானால் புதுமை போய்விடும், பிறகு காப்புரிமைக்குப் பல நாடுகளில் வழி அடைபடும். அதைவிட முக்கியம், ஸ்லைடு எண்ணிச் சரிபார்க்காத 78 சதவீதத்தை வைத்துக் கட்டுரை போட்டால், அதைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் மலேரியாக் குழந்தைக்கு இந்த இலையை இடித்துக் கொடுப்பார். தாவரத்தை உறுதிசெய்வது, அப்புச்சி செய்கிற முறையிலேயே எடுத்த நீர்ச்சாறு, அணு உடையும் சோதனை, ஸ்லைடு எண்ணிக்கை, மனித செல் நஞ்சு, இவற்றை முடித்துவிட்டு எழுதுகிறோம் என்று பேராசிரியரிடம் சொல்லுங்கள். இலை தோற்றால் தோற்றது என்றே எழுதுங்கள், அந்தக் கட்டுரைக்கும் மதிப்பு உண்டு. எப்படியானாலும் அப்புச்சியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, தகவல் யாரிடமிருந்து வந்தது என்று அவர் பெயரைப் போடுங்கள்.

அப்பாவின் ஜி6பிடி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மாத்திரை முடித்த பிறகும் ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், அது சாதாரணச் சளிக்காய்ச்சல் போலத் தெரிந்தாலும், அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். விஜயவாடாவில் லாரி நிற்கும்போது வந்தாலும் அங்கேயே அரசு ஆஸ்பத்திரியில், “எனக்கு ஏற்கெனவே விவாக்ஸ் வந்திருக்கிறது” என்று சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விவாக்ஸ் என்று வந்த பரிசோதனைச் சீட்டைப் புகைப்படம் எடுத்து அவர் போனில் போட்டு வையுங்கள்.